சாணி பிழியும் மெஷின்: 35 உருப்படிக்கு வாங்கலாமா?

குடியாத்தம் மாட்டுக்கொட்டாய்

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் எங்கள் ஊர். கறவை 22, சினை மாடு, கிடேரி எல்லாம் சேர்த்து 35 உருப்படி. பெரும்பாலும் எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, நாலைந்து ஜெர்சி. நிலம் நாலரை ஏக்கர்தான், இரண்டு ஏக்கர் கோ-5 தீவனப்புல், ஒன்றரை ஏக்கர் தென்னை, மீதி நிலக்கடலை போடும் கொல்லை.

பிரச்சினை சாணிக்குழி. சிமெண்ட் தளம், காலையும் சாயந்திரமும் ஹோஸ் பிடித்து மொத்தத்தையும் தள்ளிவிடுகிறோம். சாணி, மூத்திரம், கழுவின தண்ணீர், மாடு தின்னாமல் விட்ட வைக்கோல் எல்லாம் ஒரே கால்வாயில் போய் 20க்கு 15 அடி, 6 அடி ஆழமுள்ள குழியில் விழுகிறது. பதினொரு நாளில் நிரம்பிவிடும். மேலே ஏடு கட்டி நாய் நடந்து போகிற அளவுக்கு இறுகிக் கிடக்கும், உள்ளே எல்லாம் தண்ணீர். மட் பம்பு போட்டால் அரை மணி நேரத்தில் வைக்கோல் சுற்றி நின்றுபோகும். போன ஐப்பசி மழையில் குழி வழிந்து பக்கத்துக் கொல்லைக்குள் போய், அங்கிருந்து கானாற்றில் இறங்கிவிட்டது. அந்தக் கொல்லை என் பெரியப்பா மகனுடையது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நேராகப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய்விட்டார். அது இன்னும் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஒரு கம்பெனிக்காரர் வந்து சாணி பிழியும் ஸ்க்ரூ பிரஸ் மெஷின் காட்டினார், உள்ளே ஸ்க்ரூ சுற்றிச் சாணியைச் சல்லடையோடு அழுத்தித் தண்ணீரைப் பிரிக்கும். 5 எச்பி மோட்டார், மெஷின் மட்டும் 2.85 லட்சம், கட்டர் பம்பு, ஸ்டாண்டு, வயரிங், மேலே ஷீட்டு எல்லாம் சேர்த்தால் நாலு லட்சத்தைத் தாண்டும். ஒரு நாளைக்கு அரை டன் காய்ந்த சாணித் தூள் வரும், நர்சரிக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள், தண்ணீரை அப்படியே சொட்டுநீரில் விடலாம், இரண்டு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்கிறார். வீட்டில் நகையை வைத்துப் பாதி, மீதிக்கு லோன் என்று யோசனை. வைத்திருப்பவர்கள் யாராவது உண்மை நிலவரம் சொல்லுங்கள், அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

அணைக்கட்டு பால்பண்ணை

தம்பி, நான் மூன்று வருடமாக இந்த மெஷின் ஓட்டுகிறேன், 60 மாடு, ஒன்பது ஏக்கர். நல்ல மெஷின்தான். ஆனால் உங்கள் குழி நிரம்புகிறதே, அதற்கு இது மருந்து கிடையாது. கணக்கைப் பாருங்கள்.

கலப்பின மாடு, கிடேரி எல்லாம் கலந்து ஒரு உருப்படிக்கு 20 கிலோ சாணி என்று வைத்தாலும் 35க்கு 700 கிலோ. மூத்திரம் 450 லிட்டர் வரும். நீங்கள் ஹோஸ் பிடிக்கிற தண்ணீர் ஒரு நாளைக்கு 3,500 லிட்டருக்குக் குறையாது, அதை எழுதித் தருகிறேன். மொத்தம் 4,650. உங்கள் குழியின் அளவு சுமார் 51,000 லிட்டர், அதனால்தான் பதினொரு நாள். சரி, புதுச்சாணியில் 100க்கு 80, 85 பங்கு தண்ணீர்தான். 700 கிலோவில் காய்ந்த பொருள் மட்டும் பார்த்தால் 120 கிலோ இருக்கும். மெஷினின் சல்லடைக் கண் அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர். நார், வைக்கோல், செரிக்காத புல் இதெல்லாம் நிற்கும், மாவு மாதிரி இருக்கிற நைசான பாகம் தண்ணீரோடு போய்விடும். நீங்கள் இவ்வளவு தண்ணீர் கலந்த பிறகு அந்த 120 கிலோவில் பாதி பிடித்தாலே பெரிய விஷயம். அது கையில் பிடித்தால் உதிர்கிற பக்குவத்தில், ஈரத்தோடு சேர்த்து 150 முதல் 200 கிலோ சக்கையாக வெளியே விழும். மீதி 4,450 லிட்டர் எங்கே போகும்? அதே குழிக்குத்தான். பதினொரு நாளில் நிரம்புகிற குழி பதினொன்றரை நாளில் நிரம்பும்.

அரை டன் என்று அவர் சொன்னது தண்ணீர் சேராத கெட்டிச் சாணியை விட்டுக் காட்டியதாக இருக்கும். கெட்டியாக விட்டால் சக்கை கூடும், அது நிஜம்.

அப்புறம் எதற்கு வாங்கினாய் என்று கேட்பீர்கள். எனக்கு 600 அடி தள்ளித்தான் தீவனப்புல். முன்பு பைப்பில் சாணி அடைத்து அடைத்து உயிர் போனது. இப்போது நார் எல்லாம் வெளியே வந்துவிடுவதால் மேலே ஏடு கட்டுவது கிடையாது, தண்ணீர் மாதிரி பைப்பில் ஓடுகிறது. எனக்கு இந்த மெஷின் கொடுத்தது அந்த ஒன்றுதான், அதற்காகவே அது எனக்குத் தகும். சக்கை விற்ற காசு மாட்டுக்கு மருந்து வாங்கக்கூடக் காணாது, வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தவணை கட்டும் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

சொட்டுநீர் வேண்டவே வேண்டாம். பிழிந்த தண்ணீரிலும் நைசான சாணி நிறைய இருக்கிறது, நான் ஒரு தடவை சாண்டு ஃபில்டர் போட்டு விட்டுப் பார்த்தேன், இரண்டாம் நாள் ஃபில்டரே அடைத்துக்கொண்டது. வாய்க்காலில் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து விடுங்கள். அதுவும் ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப விடக்கூடாது, மழை இல்லாத நாளில் புல்லில் நைட்ரேட் ஏறி மாட்டுக்கே விஷமாகும். நாலரை ஏக்கருக்கு 35 மாட்டுச் சாணி அதிகம், எப்படியும் கொஞ்சம் உங்கள் நிலத்தை விட்டு வெளியே போயாக வேண்டும்.

குடியாத்தம் மாட்டுக்கொட்டாய்

ஐயா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. பராமரிப்புச் செலவு எப்படி? கரண்டு? சக்கையைக் காயவைத்து மாட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி போடலாம் என்றும் அவர் சொன்னார்.

அணைக்கட்டு பால்பண்ணை

பராமரிப்பைச் சொல்கிறேன். ஆரம்பித்தவுடன் வாயில் தண்ணீராகத்தான் ஒழுகும், உள்ளே சக்கை இறுகி அடைப்பு மாதிரி நின்ற பிறகுதான் உருப்படியாகப் பிழியும். எங்கள் ஆள் முதல் வாரம் இது தெரியாமல் தினமும் நிறுத்தி நிறுத்திப் போட்டான். முடித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், ஒரு நாள் விட்டாலும் உள்ளே கல்லாக இறுகிவிடும், அப்புறம் கடப்பாரைதான். நைலான் கயிறு, நஞ்சுக்கொடி, ஊசி, சிரிஞ்சு எதுவும் கால்வாயில் விழக்கூடாது. மண் தரையில் நிற்கிற மாடு என்றால் மணலும் செம்மண்ணும் சேர்ந்து வரும், அது ஸ்க்ரூவின் ஓரத்தை அரைத்துவிடும். ஓரம் தேய்ந்தால் சல்லடைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இடைவெளி விழும், சக்கை ஈரமாக வர ஆரம்பித்தால் அதுதான் காரணம். நான் ஒரு தடவை லேத்துப் பட்டறையில் கொடுத்து ஓரத்துக்கு வெல்டிங் வைத்து வாங்கினேன். எங்கள் பக்கம் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் முனகும், அதனால் த்ரீ ஃபேஸ் சரியாக வருகிற நேரத்தில்தான் ஓட்டுவேன். இலவச மின்சாரம் பம்பு செட்டுக்குத்தான், இந்த மோட்டாரை அதில் கோக்காதீர்கள், மாட்டினால் இருக்கிற இணைப்புக்கும் ஆபத்து.

மெத்தை விஷயம்: சித்திரை வைகாசியில் நம் வேலூர் வெயிலுக்கு இரண்டே நாளில் மொறுமொறு என்று காய்ந்துவிடும், போடலாம். ஐப்பசி கார்த்திகையில் போட்டால் காயாத சக்கையில் கிருமி பெருகி மடிநோய் வரும். எனக்கு வந்தது, மூன்று மாடு, ஒன்றுக்கு ஒரு காம்பே போய்விட்டது.

கே.வி.குப்பம் கறவை

அண்ணா, நான் 14 மாடு வைத்திருக்கிறேன், மெஷின் கிடையாது, ஆனால் கொட்டாயில் நானேதான் நிற்கிறேன், அதனால் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த ஐயா சொன்ன 3,500 லிட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கெட்டியாக விழுகிற சாணியைத் தண்ணீர் விட்டு நாமே கரைக்கிறோம், அப்புறம் நாலு லட்சம் போட்டு அந்தத் தண்ணீரைப் பிரிக்கிறோம். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அதுவும் பங்குனியில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில்.

நாங்களும் முன்பு ஹோஸ்தான். எங்கள் பக்கம் பொம்பளை ஆள் எல்லாம் காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது, சாணி அள்ள ஆள் கிடைக்காமல்தான் ஹோஸுக்கு மாறினோம். உங்களுக்கும் அதே காரணமாக இருக்கும். நான் செய்தது என்னவென்றால், பழைய லாரி டயரை நீளவாக்கில் அறுத்து இரண்டரை அடி இரும்புப் பட்டைக்கு நடுவில் வைத்து போல்ட்டு போட்டு, ஐந்தடி பைப்பைக் கைப்பிடியாக வெல்டிங் வைத்து வாங்கினேன். டயர் ஓரம் தரையில் படிந்து இழுக்கும், குனிய வேண்டாம், சிமெண்ட் தரையில் ஒரு இழுப்புக்கு மூன்று மாட்டுச் சாணி வரும். கால்வாய்க்கு எதிர்ப் பக்கமாக இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டுவிடுகிறோம். மூத்திரம் மட்டும் சரிவில் கால்வாய்க்குப் போகட்டும். அதற்குப் பிறகு தரையைக் கழுவ இரண்டு மூன்று டிரம் தண்ணீர் போதும். மாடு படுக்கிற இடத்தில் தண்ணீர் குறைந்ததும் குளம்பு அழுகுவது குறைந்தது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

35 மாட்டுக்கு இரண்டு பேர் காலையில் ஒரு மணி நேரம் இழுத்தால் முடியும். ஆளுக்குக் கூலி போகும்தான், ஆனால் மெஷினுக்கும் ஒரு ஆள் நிற்க வேண்டும் இல்லையா?

முள்ளுக்கத்திரி

நான் வாங்குகிற பக்கம் இருந்து சொல்கிறேன். இலவம்பாடி பக்கம் ஒன்றரை ஏக்கர் முள்ளுக் கத்தரிக்காய் போடுகிறேன், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினதே, அந்தக் கத்தரி. ஏக்கருக்கு பத்து டன் தொழுவுரம் அடியுரமாகப் போடச் சொல்வார்கள், நாங்களும் அப்படித்தான் வண்டி வண்டியாக வாங்குகிறோம். போன வருடம் ஒரு பண்ணையில் மெஷினில் பிழிந்த சக்கை மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு டிராக்டர் அடித்தேன். பார்க்க நன்றாக இருந்தது, வாசமே இல்லை, கையில் எடுத்தால் தேங்காய் நார்த் தூள் மாதிரி பொலபொலவென்று இருந்தது. ஆனால் செடியில் அந்தக் கரும்பச்சை வரவில்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டபோதுதான் விளங்கியது. சாம்பல் சத்தும் உடனே கிடைக்கிற தழைச்சத்தும் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறதாம், சக்கையில் நிற்பது நார். மண்ணைப் பொலபொலப்பாக்க அது நல்லது, உரம் என்று நம்பி அதை மட்டும் போட்டால் ஏமாந்துபோவோம். அதோடு பச்சையாகப் போட்டதால் கோரையும் பார்த்தீனியமும் முளைத்து, களையெடுக்க இரண்டு ஆள் கூடுதல்.

அதனால் தம்பி, நான் காசு கொடுப்பது குவித்து வைத்து, சூடேறி, இரண்டு தடவை புரட்டி மூன்று நாலு மாதம் மக்கிய எருவுக்குத்தான். கே.வி.குப்பம் சகோதரி சொன்ன மாதிரி மொத்தச் சாணியையும் அள்ளிக் குவித்தால் அது எருவாகும், சாணியின் சத்து பெரும்பகுதி அதில் இருக்கும். ஆடி மாதம் வந்தால் எங்கள் பக்கம் டிராக்டர் வைத்துக்கொண்டு எரு தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர். குடியாத்தத்திலிருந்து வண்டி வாடகை கட்டாது, ஆனால் உங்கள் ஊரைச் சுற்றியும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இருக்கிறதே.

கானாற்றில் இறங்கியது பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டது சரி. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் எத்தனை கிணறு இன்னும் உப்பாகவே கிடக்கிறது. பண்ணைச் சாணியையும் கழுவுநீரையும் ஓடையில், வடிகாலில் விடக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலும் இருக்கிறது. முதலில் குழியைச் சுற்றி ஒன்றரை அடிக்கு வரப்பு ஏற்றுங்கள், கூரைத் தண்ணீர் குழிக்குள் விழாமல் திருப்பிவிடுங்கள். ஒரு நாள் வேலை.

காட்பாடி கோபர்

கோபர் கேஸ் யோசித்தீர்களா? 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டர் கேஸ் என்பது பொதுவான கணக்கு, 700 கிலோவுக்கு நல்ல கேஸ் வரும். ஆனால் அதற்கும் சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி என்ற கெட்டியில் இருக்க வேண்டும், ஹோஸ் தண்ணீர் முழுவதும் உள்ளே போனால் கேஸ் விழாது. அதனால் கோபர் கேஸ் போட்டாலும் சுரண்டி அள்ளுகிற பழக்கம்தான் முதலில் வர வேண்டும். அதை அவர்கள் எழுதிவிட்டார்கள்.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. ஏடு கட்டின குழி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏட்டைக் கம்பு விட்டு உடைக்கும்போதும், பம்பு போட்டுக் கலக்கும்போதும் அடியில் தேங்கின கேஸ் ஒரே மூச்சில் மேலே வரும். அழுகின முட்டை வாடை அடிக்கும், கொஞ்ச நேரத்தில் அந்த வாடை தெரியாமல் போகும். வாடை போனால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, கேஸ் அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். அது காற்றை விடக் கனம், பள்ளத்திலேயே நிற்கும். பம்பு அடைத்துக்கொண்டது என்று யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள், அரைக்குழிதான் இருக்கிறது என்றாலும் வேண்டாம். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார், இப்படி ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போவது இதனால்தான். பம்பைச் சங்கிலி போட்டு மேலே தூக்கிச் சுத்தம் செய்கிற மாதிரி ஒரு கம்பம் நட்டுவிடுங்கள், கலக்கும்போது பிள்ளைகளையும் மாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள், காற்று அடிக்கிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். மெஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள், தயவு செய்து.

குடியாத்தம் மாட்டுக்கொட்டாய்

காட்பாடி அண்ணா, போன மாதம்தான் என் தம்பி இடுப்பு ஆழத்தில் நின்று பம்பைப் பிடுங்கினான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்று காலையே பட்டறையில் கம்பத்துக்கும் சங்கிலிக்கும் சொல்லிவிட்டேன்.

நேற்று சாயந்திரம் ஹோஸை 200 லிட்டர் டிரம்மில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடியில் நிரம்பியது. காலையில் 25 நிமிடம், சாயந்திரம் 20 நிமிடம் பிடிக்கிறோம். அப்படியென்றால் 4,150 லிட்டர். அணைக்கட்டு ஐயா சொன்னதை விடவே அதிகம், என் வீட்டம்மா நம்பவில்லை, இன்னொரு தடவை பிடித்துக் காட்டினேன்.

கே.வி.குப்பம் அக்கா சொன்ன மாதிரி டயர் தள்ளுகோல் இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். சாணி குழிக்குப் போகாமல், மூத்திரம் 450, கழுவ 700 லிட்டர் என்று வைத்தால் அதே குழி 40 நாளுக்கு மேல் தாங்கும் போலிருக்கிறது, கணக்கு சரிதானா பாருங்கள். கம்பெனிக்காரரிடம் தை வரைக்கும் பொறுக்கச் சொல்லிவிட்டேன். நகை வீட்டிலேயே இருக்கிறது.

அக்காவுக்கு ஒரு கேள்வி. என் கொட்டாயில் சரிவு மூத்திரக் கால்வாய்ப் பக்கம்தான், சாணியையும் அந்தப் பக்கம் இழுத்தால்தான் சுலபம். எதிர்ப் பக்கம் மேட்டில் இழுக்க முடிகிறதா, இல்லை தரையை உடைத்து மாற்றினீர்களா?

கே.வி.குப்பம் கறவை

தரையை உடைக்கவில்லை அண்ணா. சரிவு கொஞ்சம்தான், அறுபது அடிக்கு ஒரு அடி இருக்கும், இழுக்கும்போது தெரியாது. ஆனால் மூத்திரம் வடிந்த பிறகு இழுங்கள், பால் கறந்து முடித்துக் கொஞ்சம் பொறுத்து. முதல் நாலு நாள் தோள்பட்டை வலிக்கும், கைப்பிடியை உங்கள் மார்பு உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், பட்டறைக்காரர் குட்டையாக வெட்டிவிடுவார்.